பத்தாவது ஆட்டக்காரன்

ஒன்பது பேரைச் சொல்லி முடித்துவிட்டார் வெர்ஜில் ஸ்டக்கி. பத்தாவதுக்கு ஆள் இல்லை.

ஊர் ரேடியோவில் நேரடி ஒலிபரப்பு. மைக்குக்கு மேலே சிவப்பு விளக்கு எரிகிறது. 'ப்ரூவெட் கெளுத்திகள்' பேஸ்பால் அணியில் வரும் சீசனில் கவனிக்க வேண்டிய பத்துப் பேர் யார் யார் என்று அவர் வாயால் கேட்டால்தான் ஊரில் குளிர்காலம் முடிந்ததாகக் கணக்கு. பத்தாவதாக அவர் வைத்திருந்த பையன், பேஸ்பாலே வேண்டாம், மாமனாரோடு இன்ஷூரன்ஸ் விற்கப் போகிறேன் என்று ஓஹையோவிலிருந்து போன் செய்து சொன்னது, சற்று முன் விளம்பர இடைவேளையில்தான்.

ஒன்பதோடு நிறுத்திக்கொள்ளக் கூடாதா என்று கேட்பீர்கள். கூடாது. ஒவ்வொரு ஆட்டக்காரனுக்கும் ஊரில் ஒரு கடைக்காரர் விளம்பரம் கொடுத்திருந்தார். பத்தாவது ஆளை வழங்குபவர், பிரதான சாலையில் சவ அடக்க நிலையம் வைத்திருக்கும் ஓரின் ஃபென்ஸ்கி. என்றைக்கு இருந்தாலும் அவர் கைக்குத்தான் போய்ச் சேர வேண்டும். அவரைப் பகைத்துக்கொள்ள யாருக்குத் துணிச்சல் வரும்?

வெர்ஜிலின் கண் சுவரில் அலைந்தது. டிராக்டர் கடைக் காலண்டரில் 'ராய்ஸ் அண்ட் சன்ஸ்' என்று இருந்தது. மேசையில் கிடந்த இருமல் மிட்டாய் டப்பாவில் 'டன்னிகன்' என்று இருந்தது.

"பத்தாவதா... ராய்ஸ் டன்னிகன்!" என்றார். "இடது கை வீச்சாளர். நெப்ராஸ்காக்காரப் பையன். இவன் வீசினா பந்து கண்ணுக்கே தெரியாதுங்க. கேட்சர் கையில விழற சத்தம் மட்டும்தான் கேக்கும்!"

நாக்கில் சனி உட்கார்ந்த நேரம் அதுதான்.

நேயர்களின் போன் நேரம் வந்தது. முதல் ஆள் முடிதிருத்தும் க்ளீட் மாஸ்மன்.

"வெர்ஜில், டன்னிகனையா சொன்னே? அடேயப்பா! போன வருஷம் மச்சினி வீட்டுக்கு நெப்ராஸ்கா போனப்போ அவனை நேர்ல பார்த்தேன்யா!"

"யாரை?"

"டன்னிகனைத்தான்யா! இடது காதுக்குக் கீழ ஒரு தழும்பு இருக்குமே, அவனைத்தான். என்னா வீச்சு! மயிர்க்கூச்செறிஞ்சுபோச்சு."

வெர்ஜிலின் முதுகில் ஜில்லென்று ஏதோ ஊர்ந்தது. தழும்பைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லையே!

"சந்தோஷம் க்ளீட்" என்று சொல்லி, இருமல் மிட்டாய் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டார்.

மறுநாள் பிற்பகல் வர்ணனை அறையின் ஒயர்களைப் பார்க்க மைதானத்துக்குப் போனார். மார்ச் மாதத்து ப்ரூவெட் மனிதன் வெளியே வருகிற இடமில்லை. ஆற்றிலிருந்து ஏறிய மூடுபனி மைதானத்தின் பாதியைத் தின்றுவிட்டிருந்தது. நிழல் விழும் மூலைகளில் பழைய பனி கறுத்துக் கிடந்தது. ஆட்டக்காரர்கள் எல்லாரும் இன்னும் ஃப்ளோரிடா பயிற்சி முகாமில் இருந்தார்கள்.

"சார்."

வெர்ஜில் கையிலிருந்த ஒயரைக் கீழே போட்டார். கீழ் வரிசைப் பெஞ்சில் ஒருவன் உட்கார்ந்திருந்தான். இருபத்திநாலு, இருபத்தைந்து வயது இருக்கும். மடியில் கேட்சர் கையுறை.

"யாருப்பா நீ? உயிரே போயிடுச்சு!"

"ஆர்லோ டோபின் சார். கேட்சர்." எழுந்து நின்று தொப்பியைக் கழற்றினான். "நேத்து ரேடியோ கேட்டேன். பத்துப் பேர்ல என் பேரு வருமான்னு பார்த்தேன். வரலை."

வெர்ஜில் குனிந்து ஒயரை எடுத்தார். இல்லாத ஒருவனுக்கு இடம் கொடுத்து, இதோ ரத்தமும் சதையுமாக நிற்கிறவனை விட்டுவிட்டோமே!

"அடுத்த வருஷம் பார்ப்போம்ப்பா" என்றார் அசட்டுத்தனமாக. "நீ ஏன் முகாமுக்குப் போகலை?"

"கூப்பிடலை சார். அதான் முன்னாடியே வந்து பழகிட்டு இருக்கேன். நான் இங்க இருக்கறதை நிர்வாகி ரோண்டா மேடம்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. ஆள் குறைக்கிற கடைசி நாள்ல எனக்கு எப்பவும் கண்டம். கண்ணுல பட்டா இப்பவே அனுப்பிடுவாங்க."

வருஷத்துக்கு ஒரு பையனாவது இப்படி முன்கூட்டியே வந்து, காரில் படுத்துக்கொண்டு பயிற்சி செய்வது வழக்கம்தான். வெர்ஜில் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தார். குடுவையிலிருந்து காபி ஊற்றிக் கொடுத்தார். அவன் வாங்கிப் பக்கத்தில் வைத்துக்கொண்டான். மூன்றாவது பேஸுக்கு ஓடுகிறவனை எப்படி மடக்க வேண்டும் என்று அவன் பேச ஆரம்பித்ததும் வெர்ஜில் ஒயரையே மறந்துவிட்டார். இத்தனை வருஷத்தில் ஆட்டத்தைப் பற்றி இவ்வளவு தெரிந்து பேசிய ஆட்டக்காரனை அவர் பார்த்ததில்லை.

அங்கிருந்து சாப்பாட்டுக் கடைக்குப் போனால், அங்கே டன்னிகன் பேச்சு தவிர வேறு பேச்சு இல்லை.

"நேத்து என் வீட்டுக்கு வந்திருந்தான்" என்றாள் தெல்மா ஓர்த், பூசணி 'பை' பலகாரத்தை முள்கரண்டியால் வெட்டியபடி. வெளியூர் ஆட்டக்காரர்களை சீசன் முழுக்கத் தங்கள் வீட்டில் வைத்துச் சோறு போடும் குடும்பங்களில் அவள் வீடுதான் முதல் வீடு. "கீழ்த்தள அறையைப் பார்த்துட்டுப் போனான். அதிகமா பேசமாட்டேங்கறான் பாவம். தழும்பு அப்படியே இருக்கு."

"எந்தக் காது?" என்றார் வெர்ஜில்.

"இடது காது. ஏன், நீ பார்த்ததில்லையா?"

"என் கடை வழியா நடந்து போனான்" என்றார் சவ அடக்க நிலையத்து ஃபென்ஸ்கி. "கண்ணாடி வழியா உள்ள பார்த்துச் சிரிச்சான். என் கடையைப் பார்த்து யாருமே சிரிக்கமாட்டாங்க வெர்ஜில். அதனாலதான் மறக்க முடியலை."

வெர்ஜில் தன் தட்டைத் தொடவே இல்லை. டிராக்டர் கடையையும் இருமல் மிட்டாயையும் ஒட்டுப்போட்டு உண்டாக்கிய ஒருவன், ஃபென்ஸ்கியின் கண்ணாடி வழியாகச் சிரித்தானாம்! வீட்டுக்குப் போய்க் கதவைப் பூட்டி, பூட்டியாகிவிட்டதா என்று திரும்பத் திரும்ப இழுத்துப் பார்த்தார்.

இதற்குள் இன்னொன்று ஆரம்பித்தது. பொழுது சாயும் நேரத்தில் மைதானத்தின் பயிற்சிக் கூண்டிலிருந்து சத்தம் வருகிறது என்றார்கள். வெர்ஜிலும் போய்ப் பார்த்தார். வேலிக்கு வெளியே ஊரில் பாதிப் பேர் மூச்சுக் காட்டாமல் நின்றிருந்தார்கள். மூடுபனிக்குள் கூண்டு இருப்பதே தெரியவில்லை. சத்தம் மட்டும் வந்தது.

தப்.

கொஞ்சம் இடைவெளி. தப்.

"டன்னிகன்" என்று கிசுகிசுத்தான் க்ளீட். "கேட்டியா? பந்து தெரியலை. சத்தம்தான் கேக்குது. நீ ரேடியோல சொன்ன மாதிரியேதான்யா!"

 தன் வாயால் பிறந்ததைத் தானே போய்ப் பார்க்காவிட்டால் வெர்ஜிலுக்குத் தூக்கம் வராது. பக்கத்துக் கதவைத் திறந்து உள்ளே போனார். ஈரப் புல்லில் அவர் பூட்ஸ் சத்தம் அவருக்கே பயமாக இருந்தது. கூண்டின் ஓரத்தில் ஓர் உருவம் அசைந்தது.

"யாருடா அது?"

"நான்தான் சார்" என்றான் டோபின். "சுவர்ல அடிச்சுப் பிடிச்சுப் பழகறேன்."

வெர்ஜிலுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"அட, நீயா! வெளிய நிக்கறவங்க எல்லாம் உன்னை டன்னிகன்னு நினைச்சுக்கிட்டு இருக்காங்கப்பா! வா, வந்து முகத்தைக் காட்டு."

"வேண்டாம் சார். அவங்க அவனைத்தானே பார்க்க வந்திருக்காங்க? என்னைப் பார்க்கமாட்டாங்க."

"அதெப்படிப் பார்க்காம போவாங்க?"

"பழகிப்போச்சு சார்" என்று சொல்லிவிட்டுப் பந்தை மறுபடி சுவரில் அடித்தான்.

பாவி டன்னிகனை ஒழித்துக்கட்டினால்தான் இந்தப் பிள்ளைக்கு விடிவு என்று வெர்ஜில் முடிவு செய்தார். உண்மையைச் சொன்னால் மைக் போய்விடும். இருபது வருஷத்துக்கு மேலாக அந்த மைக்தான் அவருக்கு மனைவி, மக்கள், சொந்தம் எல்லாம். அதனால் பொய்யைப் பொய்யாலேயே கொல்லப் பார்த்தார். மறுநாள் ஒலிபரப்பில் குரலைத் தழுதழுக்க வைத்துக்கொண்டு, "வருத்தமான செய்திங்க. டன்னிகனுக்குத் தோள்பட்டையில அடி. இந்த சீசன்ல ஆடறது சந்தேகம்தான்" என்றார்.

அவ்வளவுதான். மத்தியானத்துக்குள் தெல்மா வந்து நின்றாள்.

"உனக்கு எப்படி முன்கூட்டியே தெரிஞ்சுது? காலையில கை தூக்க முடியலைன்னு அழுதான். நான்தான் தைலம் தேய்ச்சுவிட்டேன். தோள் பனிக்கட்டியாட்டம் ஜில்லுன்னு இருக்கு வெர்ஜில்!"

எலும்பு வைத்தியர் தானே பார்த்துச் சொடுக்கு எடுத்துவிட்டதாகச் சொன்னார். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வாழ்த்து அட்டை எழுதினார்கள். ஃபென்ஸ்கி பூ அனுப்பினார். தொழில் பழக்கம், மலர்வளையமாகவே அனுப்பிவிட்டார். அது டன்னிகனுக்கென்று ஒதுக்கிய அலமாரியில், புத்தம் புதுச் சட்டைக்குப் பக்கத்தில் தொங்கியது. உடை மாற்றும் அறையில் ஜன்னலே கிடையாது. வெர்ஜில் எட்டிப் பார்த்தபோது அந்தச் சட்டை லேசாக ஆடிக்கொண்டிருந்தது. அவர் விளக்கை அணைக்காமலே ஓடிவந்துவிட்டார்.

தோள்பட்டை பலிக்கவில்லை என்றதும், "டன்னிகன் நம்ம அணியை விட்டே போறானாம்" என்று ஒரு போடு போட்டார்.

அணி நிர்வாகி ரோண்டா கிம்மல் அவரை அலுவலகத்துக்குக் கூப்பிட்டாள். குரல் உயர்த்திப் பேசும் பழக்கமே அவளுக்குக் கிடையாது. அதனாலேயே எல்லாருக்கும் அவளிடம் பயம்.

"எங்க போறான்? யாரைக் கேட்டுச் சொன்னீங்க?"

"காத்துவாக்குல வந்த சேதி ரோண்டா..."

"காத்தை அடைச்சு வைங்க. அவன் பேர் போட்ட டிக்கெட்தான் இந்த வருஷம் நமக்குச் சோறு. மேல இருக்கிற பெரிய அணியோட ஆள்பிடிக்கிறவருக்கே போன் பண்ணிட்டேன். 'டன்னிகனா? ரெண்டு வருஷமா எங்க கண்ணு அவன் மேலதான்! எங்கயும் விட்டுடாதீங்க'ன்னு அவரே சொல்றாரு."

வெர்ஜில் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார். "அவரே சொன்னாரா?"

"தழும்பைக்கூடச் சொன்னாரு. ஆனா இடம் இல்லை. டன்னிகனை உள்ள எடுத்தா யாரையாவது ஒருத்தனை வீட்டுக்கு அனுப்பியாகணும்."

"யாரை?"

ரோண்டா ஜன்னல் வழியாக மூடுபனியைப் பார்த்தாள்.

"எவனை யாருக்கும் தெரியாதோ, அவனை."

வெர்ஜில் எழுந்துவிட்டார். யாருக்கும் தெரியாதவன் ஒருவன்தான். வாக்குக் கொடுத்ததால் பெயரைச் சொல்லவும் முடியவில்லை. நேரே மைதானத்துக்குப் போனார். டோபின் அதே பெஞ்சில் உட்கார்ந்திருந்தான்.

"உன்னைத்தான் அனுப்பப் போறாங்கப்பா" என்றார், கண் கலங்கி. "எல்லாம் என் வாயால வந்தது."

"பரவாயில்லை சார். ஒவ்வொரு வருஷமும் இப்படித்தான். ஒருத்தன் வருவான், எனக்கு இடம் இருக்காது."

"சும்மா இருடா! இந்த வருஷம் நடக்காது. டன்னிகன்னு ஒருத்தனே கிடையாது. நானா விட்ட கதை. வெள்ளிக்கிழமை மீன் விருந்துல எல்லார் முன்னாடியும் சொல்லிடறேன். நீயும் வந்து நில்லு. மைக் போனா போகட்டும்."

டோபின் அவரை நிமிர்ந்து பார்த்தான். அந்த முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை வெர்ஜில் அதுவரை பார்த்ததில்லை.

"உள்ள கூப்பிடுவீங்களா சார்? கூப்பிட்டா வருவேன்."

"கூப்பிடறேன்டா."

தேவாலயத்துக் கூடத்தில் வெள்ளிக்கிழமை மீன் பொரியும் வாசனை கண்ணைக் கரித்தது. ஃப்ளோரிடாவிலிருந்து வந்திறங்கிய ஆட்டக்காரர்கள் ஒரு நீள மேசையில் வரிசையாக உட்கார்ந்து கோஸ் பச்சடியைக் கிளறிக்கொண்டிருந்தார்கள். நடுவில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. அதன் முன்னால் தட்டில் மீனும் வைத்தாகிவிட்டது. டன்னிகனுக்காம். "இதோ வந்துக்கிட்டே இருக்கான்" என்று தெல்மா எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

வெர்ஜில் கூடத்துக் கடைசியிலிருந்த கதவைப் பார்த்தார். டோபின் வந்து நின்றிருந்தான். தைரியம் வந்தது. மைக்கைப் பிடித்தார்.

"ஒண்ணு சொல்லணும். ராய்ஸ் டன்னிகன்னு யாருமே இல்லை."

கூடத்தில் மீன் பொரியும் சத்தம் மட்டும் கேட்டது.

"ராய்ஸ், டிராக்டர் கடை. டன்னிகன், இருமல் மிட்டாய். பத்தாவது ஆள் கிடைக்கலை. வாய்க்கு வந்ததைச் சொன்னேன். என்னை மன்னிச்சிடுங்க."

 அவர் எதிர்பார்த்தது திட்டு. வந்தது வேறு. க்ளீட் மெல்ல எழுந்தான். முகம் சிவந்திருந்தது.

"அப்போ... நானும் சொல்லிடறேன். மச்சினி வீட்டுக்குப் போனது நிஜம். ஆட்டம் பார்க்கலை. ஊருல எல்லாருக்கும் தெரிஞ்ச பையன் எனக்கு மட்டும் தெரியலைன்னா அசிங்கமா இருக்காதா? தழும்பு என் கைச்சரக்கு."

"அடப்பாவி!" என்றார் ஃபென்ஸ்கி. "உன் தழும்பை நம்பித்தான்யா நான் கண்ணாடி வழியா சிரிச்சான்னு சொன்னேன்!"

"தைலம்?" என்று வெர்ஜில் தெல்மாவைப் பார்த்தார்.

தெல்மா கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டாள். "என் முழங்காலுக்குத்தான் தேய்ச்சேன். பெரிய ஆட்டக்காரன் வேற வீட்டுல தங்கிட்டான்னு பேச்சு வந்தா, நான் எப்படி வெளிய தலை காட்டுவேன்?"

எலும்பு வைத்தியர் சத்தம் காட்டாமல் கோட்டை எடுத்துக்கொண்டார். யாரோ ஒருவர் களுக்கென்று சிரித்தார். பிறகு கூடம் முழுக்கச் சிரிப்பு வெடித்தது. நான் பார்த்தேன், நானும் பார்த்தேன் என்று ஊரே சேர்ந்து ஒரு காற்றுக்குச் சட்டை தைத்திருக்கிறது! அந்தப் பெரிய அணிக்காரரும் நம்ம ஜாதிதான் என்று க்ளீட் சொன்னதும் ரோண்டாவே சிரித்துவிட்டாள்.

"ஆனா ஒண்ணு" என்று தெல்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இனிமே என் வாயில பொய் வந்தா, இந்தக் கூடத்துல எனக்குச் சோறு போடாதீங்க. இது சத்தியம்."

"நானும்தான்" என்றார் ஃபென்ஸ்கி. நாலாபுறமும் 'நானும், நானும்' என்று குரல் வந்தது.

ரோண்டா வெர்ஜிலின் தோளில் தட்டினாள். "உங்க மைக்கை நீங்களே வெச்சுக்கங்க. வேற எவனும் இப்படி டிக்கெட் வித்துக் கொடுக்கமாட்டான். சரி, டன்னிகன் இல்லைன்னா ஒரு இடம் காலி. என்ன பண்ணலாம்?"

வெர்ஜிலுக்குத் தலைகால் புரியவில்லை. மைக்கும் பிழைத்தது, பிள்ளையும் பிழைத்தான்!

"டோபினுக்குக் கொடுங்க" என்றார். "ஆர்லோ டோபின். கேட்சர். அவனை மாதிரி ஆட்டம் தெரிஞ்சவன் இங்க வந்ததே இல்லை."

"அப்போ அந்தக் கூண்டுச் சத்தம்?" என்றான் க்ளீட். "எல்லாரும் காதால கேட்டோமேய்யா. அது பொய்யில்லையே?"

"அவன்தான்! தினமும் தனியா நின்னு பழகினது அவன்தான்!" வெர்ஜில் மைக்கில் உரக்கக் கூவினார். "உள்ள வாப்பா டோபின்! பயப்படாம வா. அதோ பாருங்க, கதவுகிட்டேயிருந்து வரான். தொப்பியைக் கையில வெச்சுக்கிட்டு, இதோ நேரா நம்ம மேசைக்குத்தான் வரான்!"

எல்லாரும் திரும்பினார்கள். சிரிப்பு ஒவ்வொரு மேசையாக அடங்கியது. காலி நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பையன் திடீரென்று குளிர் தாக்கியதுபோல் கைகளைத் தேய்த்துவிட்டுக்கொண்டு தள்ளி உட்கார்ந்தான். தெல்மா கதவிலிருந்து நாற்காலி வரைக்கும் கண்ணை இடுக்கி, மெதுவாக, நெடுநேரம் பார்த்தாள். பிறகு நடுங்கும் குரலில் சொன்னாள்:

"வெர்ஜில், இப்பத்தான் பொய் சொல்லமாட்டேன்னு சத்தியம் பண்ணேன்... அங்க எங்க கண்ணுக்கு யாருமே தெரியலையேப்பா."